பதினாலு சிவப்புக் கட்டை

"குழலை முறிச்சுச் சாக்கில வையுங்கோ. வைச்சிட்டு மூண்டு எட்டுப் பின்னால. பின்னால எண்டால் முதுகுப் பக்கம், பிரதாபன். கதைக்க ஆள் நிக்கிற பக்கம் இல்ல."

இதைச் சொல்லிவிட்டுச் சிவனேஸ்வரி விசிலை ஒரு தரம் நீட்டி ஊதுகிறார். விரித்த உரச் சாக்கின் மேல் நான்கு எயார் ரைபிள்கள் குழல் மடிந்து கிடக்கின்றன. அவர் குந்தியிருந்து ஒவ்வொரு குழலையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார். நான்கும் வெறுமை என்று கண்ட பிறகு இரண்டு குறுகிய விசில். அதற்குப் பிறகுதான் சுட்டவர்கள் இருபது யார் தூரம் தள்ளி நிற்கும் வெறும் மீன் ரின்களிடம் போய்த் தங்கள் கெட்டித்தனத்தைப் பார்க்கலாம். "ஒரு ஓட்டையைப் பாக்க இவ்வளவு பூசையோ?" என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பதுண்டு. முணுமுணுத்தவருடைய துவக்கு அடுத்த சுற்றில் கடைசியாகத்தான் சாக்கை விட்டு எழும்பும். இரண்டாவது ஞாயிறு அவரே இன்னொரு புதியவரைப் பார்த்து, "சத்தம் போடாமப் பின்னால வாரும்" என்பார்.

மல்லாவியிலிருந்து உள்ளே போகிற பாதையில் பனிச்சமடு என்றொரு ஊர். றோட்டுப் போட்ட காலத்தில் கிரவல் மண் அள்ளியதில் விழுந்த கிடங்கு ஒன்று அதன் காட்டோரத்தில் கிடக்கிறது. அரச காணி. மூன்று பக்கமும் இரண்டாள் உயரத்துக்குச் செம்மண் சுவர், நான்காவது பக்கம் வாசல். ஞாயிறு காலையில் ஏழெட்டுக் கமக்காரர்கள் பயிரில் விழுகிற குரங்கை விரட்டவென்று வாங்கிய துவக்குகளோடு இங்கே வந்து ரின் சுடுகிறார்கள். குரங்குகளுக்குத் துவக்கின் மேல் இருந்த பயம் ஒரே மாதத்தில் விட்டுப் போய்விட்டது. மனிதர்களுக்கு அதன் மேல் வந்த ஆசை விடவில்லை.

முதலில் அவர்கள் குளக்கட்டில்தான் போத்தில் அடுக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிவனேஸ்வரி சைக்கிளில் அந்த வழியால் வந்தவர், கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டு இறங்கினார். ட்ராக்டர்காரரான பிரதாபன்தான் அப்போது துவக்கும் கையுமாக நின்றார்.

"போத்திலுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லையக்கா. வெளி."

"வெளி எண்டால் ஆர் வாற இடம்?"

பிரதாபன் யோசித்தார். ஆரும் வரலாம். இப்போது இந்த அக்காவே வந்துதானே நிற்கிறா. அடுத்த ஞாயிறே எல்லோரும் கிரவல் கிடங்குக்கு மாறினார்கள், விசிலும் சிவனேஸ்வரியின் கழுத்தில் ஏறியது. அவரை யாரும் நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது, எல்லாம் அவர் வாயில்தான். போத்தில் வைக்கக் கூடாது. அது மாடு நடக்கிற நிலம், ஊரில் பாதிப் பேர் வெறுங்கால். கல்லில் சுடக் கூடாது, சன்னம் திரும்பி வரும். கண்ணாடி போடாதவர் துவக்கைத் தொடக் கூடாது. நெல்லுச் சூடு மிதிக்கும்போது தூசுக்குப் போடுகிற பிளாஸ்ரிக் கண்ணாடிகள் ஐந்தாறை ஒரு பையில் கட்டிக்கொண்டு வருவார். உயிருள்ள எதற்கும் குறி வைக்கக் கூடாது, ஓணானானாலும் சரி. குடித்தவர் மரத்தடியில் இருந்து பார்க்கலாம். "இது நேற்றையான் அக்கா" என்று ஒருவர் ஒருமுறை வாதாடினார். "நேற்றையான் இன்னும் உங்களை விட்டுப் போகேல்லத்தானே. அதோட இருந்து கதையுங்கோ" என்று மரத்தடியைக் காட்டினார் சிவனேஸ்வரி. எல்லாம் முடிந்ததும் ரின்னும் சன்னமும் பொறுக்க வேண்டும். மண்ணில் விழுந்த சன்னத்தைப் பொறுக்கச் சொல்கிறாவே என்று அலுத்துக்கொள்பவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அவர் விட்ட மூன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்.

இதையெல்லாம் எங்கே படித்தார் என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. பதின்மூன்று வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு. வலது முழங்கால் தோல் கறுத்து மரத்துப் போயிருக்கிறது. கதிரையில் இருக்கும்போது அந்தக் காலை நீட்டித்தான் வைப்பார். அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால், மற்றவர்கள் பள்ளிக்கூடக் காலத்தைச் சொல்லுகிற குரலில் சொல்லத் தொடங்குவார்.

"ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவு நிலம். அவ்வளவுதான். முழங்காலில நிண்டு அந்தப் பாயளவை விரலால தடவித் தடவிப் போறது. பின்னேரம் திரும்பிப் பாத்தால் அந்தத் துண்டு எங்கட. அதில படுக்கலாம், பிள்ளையளை விளையாட விடலாம். அப்பிடி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு ஒண்டிலயும் வரேல்ல."

வெடிக்கிற பொருளுக்கு முன்னால் முழங்காலிட்ட காலத்தை ஒருவர் ஏங்கிச் சொல்லும்போது கேட்கிறவருக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். அவர் ஏங்குவது மிதிவெடிக்கு அல்ல. நாற்பது நிமிடத்துக்கு ஒரு விசில் வரும். அந்த விசிலோடு பதினொரு பெண்கள் முகமூடிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரே தறப்பாள் பந்தலுக்குக் கீழே வந்து விழுவார்கள். வெறுந்தேத்தண்ணி, கடிக்கப் பனங்கட்டி. ஒருத்தியின் கலியாணப் பேச்சு, இன்னொருத்தியின் மாமியார், எல்லோருக்கும் பொதுவான முதுகு நோவு. பத்து நிமிடத்தில் அடுத்த விசில். பாதியில் நின்ற கதை அடுத்த நாற்பது நிமிடமும் பதினொரு தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பதினொரு பேர் இப்போது ஆளுக்கொரு பக்கம். நிலம் முடிய வேலையும் முடிந்தது. தையல், ஆடைத் தொழிற்சாலை, வெளிநாடு என்று போய்விட்டார்கள். மல்லாவியில் இருக்கிற சிவரூபி மட்டும் ஞாயிறு முதல் பஸ்ஸில் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து இறங்குவார். துவக்கைத் தொடமாட்டார். கிடங்கு வாசலில் குந்தியிருப்பார்.

"அவையள் சுட வருகினம். நாங்கள் ரெண்டு பேரும் விசில் கேக்க வாறம்" என்பது சிவரூபியின் விளக்கம்.

இவ்வளவு ஒழுங்கு பார்க்கிற சிவனேஸ்வரி போன ஆடி மாதம் ஒரு பிழை விட்டார். வேறு ஊரில் அது பிழையாகவே இருந்திராது.

கிடங்கின் வடக்குச் சுவருக்கு மேலால் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. ஊரிலிருந்து மிளகாய்த் தோட்டங்களுக்குப் போகிற பாதை அது. ஒரு ஞாயிறு, சுட்டுக்கொண்டிருக்கும்போது சுவருக்கு மேலே ஒரு பசுமாட்டின் தலை எட்டிப் பார்த்தது. சன்னம் உயர்ந்து போனால் என்ன ஆகும்? அடுத்த சனிக்கிழமை பின்னேரம் சிவனேஸ்வரி பதினாலு கம்பு வெட்டி, தலையில் பெயின்ற் பூசி, பாதையின் இரண்டு அந்தத்திலும் கிடங்கின் விளிம்பு நெடுகவும் நட்டார். இந்தப் பக்கம் கவனம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய எண்ணம். என்ன நிறம் என்று யோசிக்கவே இல்லை. பதின்மூன்று வருடம் ஆபத்துக்குச் சிவப்பும் துப்புரவாக்கிய நிலத்துக்கு வெள்ளையும் நட்ட கை அது. கை போய்ச் சிவப்பு ரின்னைத்தான் எடுத்தது.

அன்று பொழுதுபடும் நேரம் கிளிநொச்சியிலிருந்து போன் வந்தது. பிள்ளை பெற இருந்த மகளுக்கு, சொன்ன நாளுக்கு முன்பே நோவு கண்டுவிட்டது. ஞாயிறு முதல் பஸ்ஸில் சிவனேஸ்வரி போய்விட்டார். ஏறும்போது பிரதாபனுக்கு, "இண்டைக்குச் சூடு இல்ல" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் பிரதாபன் போன் எடுத்து, "அக்கா, கிடங்குப் பக்கம் போகலாமோ?" என்று கேட்டார். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்ற சிவனேஸ்வரி, துவக்கைத் தூக்க அவசரப்படுகிறார்கள் என்று நினைத்து எரிச்சலோடு, "நான் வாறமட்டும் ஒருத்தரும் அங்க போகக்கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஊர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. மிதிவெடி எடுத்த மனுசி சிவப்புக் கட்டை நட்டிருக்கிறா. விடிய எழும்பி ஒருவருக்கும் காரணம் சொல்லாமல் கிளிநொச்சிக்கு ஓடியிருக்கிறா. அங்கே ஒருவரும் போகக் கூடாது என்று போனில் உத்தரவு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பன்னிரண்டாம் நாள் ஊருக்குத் திரும்பும்போது பஸ் கொண்டக்டர்தான் முதலில் கேட்டார். "அன்ரி, உங்கட ஊரில திரும்ப மிதிவெடி கண்டிருக்காம். உண்மையே?"

சிவனேஸ்வரி சிரித்தார். "ஆர் சொன்னது?"

"நீங்கள்தான் கட்டை அடிச்சனீங்களாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே பாதைக்குப் போனார். அதில் ஒரு காலடி இல்லை, சாணம் இல்லை. பாலை மரத்து இலைகள் விழுந்த மாதிரியே கிடந்தன. பாதை முடிகிற இடத்தில் முதலாவதாக வருவது மீனம்மாவின் மிளகாய்த் தோட்டம். பன்னிரண்டு நாள் வறண்ட கச்சான் காற்றில் தண்ணி காணாத கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. பாதிக்கு மேல் இனி எழும்பாது. சிவனேஸ்வரி வரம்பிலேயே குந்திவிட்டார்.

மீனம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். சண்டை முடிந்து மீளக் குடியேறிய புதிதில், இந்தப் பக்கத்துக் காட்டில் விறகு பொறுக்கப் போன அவருடைய கணவர் வீரையாவின் கால் மிதிவெடியில் போனது. அதற்குப் பிறகு நாலு வருடம் கட்டிலோடு இருந்து அவரும் போனார். அந்தக் காட்டோரத்தைத் துப்புரவாக்கியது சிவனேஸ்வரியின் ஆட்கள்தான். நிலத்தைக் கையளித்த நாளில் பதினொரு பெண்களும் வரிசையாக அதன் மேல் நடந்து காட்டினார்கள். ஊர்ச் சனம் தள்ளி நின்று பார்த்தது. அன்று முதலில் இறங்கி நடந்தவர் மீனம்மா.

ஊர் திரும்பிய அன்றே சிவனேஸ்வரியும் பிரதாபனும் கட்டைகளைப் பிடுங்கினார்கள். "பதின்மூண்டு வருசமா எடுத்ததை ஒரே சனிக்கிழமையில திருப்பி வைச்சிட்டீங்களக்கா" என்று பிரதாபன் பகிடியாகத்தான் சொன்னார். சிவனேஸ்வரி அடுத்த கட்டையை அசைத்துப் பிடுங்கினார். கிராம சேவையாளர் நியாயமான மனுசன், சத்தம் போடவில்லை. கோயில் ஸ்பீக்கரில் விசயத்தை அறிவிக்கச் சொன்னார். "சனம் பழையபடி அந்தப் பாதையால நடக்கிறமட்டும் சூட்டை நிப்பாட்டி வையுங்கோ" என்றார். அறிவித்தார்கள். எல்லோரும் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒருவரும் நடக்கவில்லை. மீனம்மா நடக்கட்டும், பிறகு பார்ப்போம் என்பதுதான் எல்லோருடைய கதையும்.

சிவனேஸ்வரி மீனம்மாவின் வீட்டுக்குப் போனார். மீனம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அது சூட்டுக்காக நட்ட கட்டை, மீனம்மாக்கா. நிலத்தில ஒண்டுமில்ல."

"சரி புள்ள."

"அப்ப வாறீங்களோ, தோட்டத்தைப் பாப்பம்?"

"வரல்ல."

மீனம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சிவனேஸ்வரிக்குச் சுகமாக இருந்திருக்கும். சுளகைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு வெள்ளக் கட்டை நட்டது நீ. நடன்னு சொன்ன, நடந்தேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் கால வச்சிருக்க மாட்டேன். இப்ப செவப்பு நட்டதும் நீதான். சும்மா நட்டேன்னு சொல்ற. அப்ப அந்த வெள்ளயும் சும்மாவா புள்ள?"

பதின்மூன்று வருடத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பாய் பாயாகத் தடவி எடுத்த நிலம் முழுவதும், வவுனியா வடக்கிலிருந்து கொக்கிளாய் வரைக்கும், அந்த ஒரு கேள்வியில் ஆடியது. சிவனேஸ்வரி கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் இருந்தார்.

"வெள்ளை சும்மா இல்லையக்கா" என்றார். "சிவப்புத்தான் பிழை. என்ர பிழை. நீங்கள் நடக்க வேண்டாம். மிஞ்சின கண்டுக்கு நான் தண்ணி விடுறன்."

மறுநாள் காலையிலிருந்து அவர் செருப்பை வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பாதையால் நடக்கத் தொடங்கினார். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். மீனம்மாவின் தோட்டக் கிணற்றில் அள்ளி ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினார். முழங்கால் கெஞ்சியது. ஞாயிறு வந்தது, விசில் ஆணியில் தொங்கியது. சிவரூபி போன் எடுத்து, "அக்கா, இந்தக் கிழமையும் இல்லையோ?" என்று கேட்டபோது, அந்தக் குரலில் இருந்த ஏக்கம் தன்னுடையதும்தான் என்று சிவனேஸ்வரிக்குத் தெரிந்தது.

"சனம் நடக்க வேணும். அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்" என்றார். "இனிக் கட்டை நடுற கதையே இல்ல. சுடேக்க மேல பாதையில ஒரு ஆள் நிக்கும், வாற சனத்துக்கு வாயால சொல்ல."

"ஆர் நிக்கிறது?"

"நீதான்."

"தேத்தண்ணி ஆர் ஊத்துறது பிறகு?" என்று கேட்டுச் சிவரூபி சிரித்தார். இருவரும் கொஞ்ச நேரம் பழைய ஆட்களைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருத்திக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாம், இன்னொருத்திக்குச் சீனி வியாதியாம்.

நாலாம் நாள் மீனம்மா பாதை தொடங்குகிற இடத்தில் வந்து நின்றார். சிவனேஸ்வரி போவதையும் வருவதையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஐந்தாம் நாளும் அப்படித்தான். அன்று தோட்டத்திலிருந்து திரும்பும்போது சிவனேஸ்வரி ஒரு பிடி பச்சை மிளகாயைக் கொண்டுவந்து நீட்டினார். "எழும்புது" என்றார். மீனம்மா மிளகாயை முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஏழாம் நாள் காலை சிவனேஸ்வரி பாதையில் பத்து எட்டு வைத்திருப்பார், பின்னால் இன்னொரு காலடி கேட்டது. தலையைச் சற்றுத் திருப்பி ஓரக் கண்ணால் பார்த்தார். மீனம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புழுதியில் பதிந்த சிவனேஸ்வரியின் ஒவ்வொரு அடிக்குள்ளும் தன் காலை வைத்து வைத்து வந்தார். மீனம்மா குள்ளம், அவருடைய கால் அடுத்த அடிக்கு எட்டவில்லை. சிவனேஸ்வரி எட்டைச் சுருக்கினார். கிடங்கின் விளிம்பைக் கடந்தார்கள். கட்டை பிடுங்கிய குழிகள் இன்னும் தூராமல் இருந்தன.

வளைவில் பின்னால் வந்த காலடி நின்றுவிட்டது. பிறகு காய்ந்த இலை நொறுங்குகிற சத்தம் வந்தது. அது பாதையில் அல்ல, இடப் பக்கம் பற்றைக்குள். மெல்லிய சுள்ளி ஒன்று முறிந்தது, இன்னொன்று முறிந்தது. சிவனேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றார்.

மீனம்மா ஒரு கட்டு விறகோடு பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தார். தலைமயிரில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு, "வெறும் வாளியோட ஏன் நடக்கிற?" என்று சொல்லிக் கட்டில் பாதியைப் பிரித்து நீட்டினார். சிவனேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.